பின்கோடுக்குச் சராசரி வருமானம் கிடையாது: 600097-ஐ வைத்து ஒரு கணக்கு

பின்கோடு ஒன்றைச் சொல்லி, "இந்த ஏரியாவில் எத்தனை பேர், சராசரி வருமானம் என்ன, வாடகை எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். மருந்துக் கடை வைக்கப் போகிறவருக்கு இது வேண்டும். கிளினிக் போடும் டாக்டருக்கு வேண்டும். ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் நாலு இடம் விசாரிக்கிறவருக்கும் வேண்டும். இணையத்தில் பதிலும் உடனே கிடைக்கிறது. "600097, சராசரிக் குடும்ப வருமானம் இவ்வளவு" என்று கடைசி ரூபாய் வரைக்கும் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். இந்தியாவில் பின்கோடு வாரியாக வருமானத்தை யாரும் அளப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருமானம் பற்றிய கேள்வியே இல்லை. நீங்கள் பார்க்கும் எண் ஏதோ ஒரு கணிப்பொறி மாதிரியில் பிறந்தது. எதிலிருந்து எதைப் பெருக்கினார்கள் என்று அவர்கள் சொல்வதும் இல்லை.

இந்தப் பழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சென்சஸ் அலுவலகம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான வீடுகளில் வருமானம், வாடகை, வீட்டு மதிப்பு எல்லாவற்றையும் கேட்டு, ஐந்தாண்டுச் சராசரியாக, அஞ்சல் எண்ணை ஒட்டிய பரப்புகளுக்குப் பிழை வரம்போடு வெளியிடுகிறது. அங்கேயும் அஞ்சல் துறையின் ஜிப் கோடு வேறு, சென்சஸ் வரையும் பரப்பு வேறு, ஏறத்தாழத்தான் பொருந்தும். இங்கே அப்படி ஒன்று இல்லாததால், அதே வடிவத்தில் ஓர் அட்டவணை வேண்டுமென்றால் நாமே துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியும். எந்தத் துண்டு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

உதாரணத்துக்கு 600097, ஒக்கியம் துரைப்பாக்கம். ராஜீவ் காந்தி சாலை என்கிற ஓஎம்ஆரில் பெருங்குடிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவே இருப்பது. காரப்பாக்கம், மேட்டுக்குப்பம், கண்ணகி நகர், எழில் நகர் எல்லாம் இதே எண்ணில் வருகின்றன. ஐடி அலுவலகங்கள், செக்யூரிட்டி வைத்த அடுக்குமாடிகள், பழைய கிராமத் தெருக்கள், நகரின் நடுவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு (கண்ணகி நகர்) என நாலும் ஒரே ஆறு இலக்கத்துக்குள். சராசரி எப்படிப் பொய் சொல்லும் என்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் சென்னையில் குறைவு.

முதலில் பின்கோடு எதற்கு என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடு இது. முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்று சேர்ந்தால் கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 600 என்றால் சென்னை. 97 என்பது அந்த அஞ்சலகத்துக்குக் கொடுத்த வரிசை எண், அவ்வளவுதான். 600095 மதுரவாயல், நகரின் மேற்கு. 600096 பெருங்குடி, தெற்கு. 600099 கொளத்தூர், வடக்கு. 600100 மேடவாக்கம், மறுபடி தெற்கு. எண் அடுத்தடுத்து இருப்பதால் இடமும் அடுத்தடுத்து இருக்கும் என்று எண்ணி, எக்செல்லில் 96 முதல் 100 வரை கூட்டி "தென் சென்னைத் தொகுப்பு" போட்டவர்களும் உண்டு.

எல்லைக்கோடும் இதே கதை. ஒரு தெரு எந்தப் பின்கோடு என்பதைத் தீர்மானிப்பது தபால்காரரின் பீட், அதாவது அவர் தினமும் சுற்றும் தெருக்கள். மாநகராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதி, கிராம வருவாய் எல்லை என்று எதோடும் அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. புது நகர் உருவானால் எந்த அஞ்சலகத்துக்குப் பட்டுவாடா வசதியோ அங்கே சேரும். அரசின் திறந்த தரவுத் தளத்தில் அகில இந்தியப் பின்கோடு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வோர் அஞ்சலகத்துக்கும் பட்டுவாடா உண்டா இல்லையா என்று ஒரு பத்தி இருக்கும். அதை வடிகட்டாமல் விட்டால், ஸ்டாம்பு விற்று மணியார்டர் மட்டும் வாங்கும் சிறு அஞ்சலகங்களும் தனிப் பகுதிகளாக எண்ணிக்கையில் ஏறிவிடும்.

சில பின்கோடுகளைப் பகுதி விவரம் போடவே எடுக்கக் கூடாது. 600036 ஐஐடி வளாகம். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் விடுதி மாணவர்கள். 600009 கோட்டை, தலைமைச் செயலகம். தபால் மூட்டை மூட்டையாக வரும், குடித்தனம் சொற்பம். இப்படிப்பட்ட எண்களுக்கு எந்தத் தளமாவது குடும்ப வருமானம் காட்டினால், அந்தத் தளத்தின் மற்ற எண்களின் தரமும் அதே கணக்குதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஆள் கணக்கு. கையில் இருக்கும் கடைசி முழுக் கணக்கு 2011 சென்சஸ். பெருந்தொற்றால் 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். ஆகவே இன்று யார் எந்த எண்ணைக் காட்டினாலும் அதன் வேர் 2011தான். 600097-க்கு அந்த வேரைத் தேடும்போது முதல் சறுக்கல் மாவட்டத்திலேயே வரும். சென்னை மாவட்டக் கோப்பைத் திறந்து துரைப்பாக்கத்தைத் தேடினால் கிடைக்காது. அந்தக் கணக்கெடுப்பில் சென்னை என்பது 155 வார்டு கொண்ட பழைய மாநகராட்சி மட்டும்; சுமார் 175 சதுர கிலோமீட்டர், 46,46,732 பேர். துரைப்பாக்கமும் காரப்பாக்கமும் அப்போது காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகள். 2011 அக்டோபரில்தான் ஒன்பது நகராட்சி, எட்டுப் பேரூராட்சி, இருபத்தைந்து ஊராட்சி சேர்ந்து மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராகி, வார்டு 200 ஆனது. சென்னை மாவட்ட எல்லை அதற்கு ஈடாக விரிந்தது 2018-இல். அதே காலத்தில் வார்டுகளையும் மறுபடி வரைந்தார்கள். ஆக, 2011 சென்சஸின் வார்டு 130-உம் இன்றைய வார்டு 130-உம் வெவ்வேறு இடங்கள். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் இணைத்துவிடுவதுதான் சென்னைத் தரவில் அதிகம் நடக்கும் பிழை. பிழை என்று தெரியவும் செய்யாது, ஏனென்றால் கணக்கு எங்கும் இடறாது.

துரைப்பாக்கம் போன்ற பழைய ஊராட்சிகளுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. நகராட்சிக்குக் கிடைப்பது போல வார்டு வாரிப் பிரிப்பு அவற்றுக்கு இல்லை. மொத்த ஊருக்கும் ஒரு வரி. ஓஎம்ஆர் ஓர அடுக்குமாடியும் கண்ணகி நகரின் ஒற்றை அறை வீடும் அந்த ஒரே வரியில் கலந்து சராசரியாகக் கிடக்கின்றன. எத்தனை சாமர்த்தியமான கணிதம் போட்டாலும் அந்த வரியிலிருந்து இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது.

நகராட்சியோ பழைய மாநகராட்சியோ ஆன பின்கோடு என்றால் பிரிப்பது சாத்தியம். வார்டு வரைபடத்தையும் பின்கோடு எல்லையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வெட்ட வேண்டும். கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள், அது போதும். வெட்டிய துண்டுக்குப் பரப்பளவு விகிதத்தில் ஆள்களைப் பிரித்துக் கொடுப்பது சுலபம், ஆனால் தப்பு. ஏரி, சதுப்பு நிலம், ராணுவ நிலம், ஐடி பார்க் எல்லாவற்றிலும் ஆளைக் குடிவைத்துவிடும். துரைப்பாக்கத்தின் மேற்குப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பரப்பளவை வைத்துப் பிரித்தால் நாரைக்கும் ரேஷன் கார்டு கிடைத்துவிடும். கட்டட எண்ணிக்கையை வைத்துப் பிரியுங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த கட்டட வரைவுகளைக் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இலவசமாகத் தருகின்றன. வார்டில் 4,000 கட்டடம், அதில் 3,000 உங்கள் பின்கோடுக்குள் என்றால் வார்டின் குடும்பங்களில் முக்கால் பங்கு உங்களுடையது. அடுக்குமாடிக்குத் தனி எடை கொடுக்க வேண்டும். பத்து மாடிக் கட்டடமும் ஓட்டு வீடும் மேலிருந்து பார்த்தால் ஆளுக்கொரு கட்டம்தான். அதனால் நாலு மாடிக்கு மேற்பட்டவற்றை மட்டும் தெருவில் நடந்து எண்ணிச் சேர்ப்பது நல்லது. ஒரு பின்கோடுக்கு இரண்டு மாலை நேரம் போதும்.

சென்சஸ் அட்டவணை இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதன்மைச் சுருக்கம்: ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், எழுத்தறிவு, உழைப்பவர். மற்றது வீட்டுப் பட்டியல்: கூரை, தரை, அறை எண்ணிக்கை, சொந்தமா வாடகையா, குடிநீர், கழிப்பறை, சமையல் எரிபொருள், வங்கிக் கணக்கு, டிவி, கணினி, ஸ்கூட்டர், கார். இரண்டிலும் குடும்ப எண்ணிக்கை ஒத்துவராது. பயப்பட வேண்டாம், முதலாவதில் விடுதி, ஹோம் போன்ற நிறுவனக் குடும்பங்களும் வீடற்றோரும் அடக்கம், இரண்டாவதில் அவர்கள் இல்லை. சராசரிக் குடும்ப அளவை முதல் அட்டவணையிலிருந்து கணக்கிட்டால் விடுதி மிகுந்த பகுதிகளில் எண் ஊதிக் காட்டும்.

அந்த ஆறு வயதுக்குட்பட்டோர் பத்தி சின்னதாகத் தெரியும், நிறையப் பேசும். 2011-இல் நாடு முழுக்க அவர்கள் 13.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.3, சென்னையில் ஏறத்தாழ 10. ஒரு பகுதியில் ஏழு, எட்டு என்று இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பிள்ளைகள் வெளிநாடு போய் முதியவர்கள் தங்கிவிட்ட இடம் ஒன்று. தனியாள்கள் மேன்ஷனிலோ பிஜியிலோ தங்கும் இடம் மற்றொன்று. ஆண் பெண் விகிதத்தைப் பக்கத்தில் வைத்தால் விடை வந்துவிடும். சென்னைக்கு ஆயிரம் ஆணுக்கு 989 பெண். அதைவிட மிகவும் கீழே போனால் மேன்ஷன்; ஆயிரத்தைத் தாண்டினால் பெரும்பாலும் முதியவர் பகுதி, அல்லது பெண்கள் விடுதி.

2011-ஐ இன்றைக்குக் கொண்டுவர வாக்காளர் பட்டியல் உதவும். பட்டியல் வாக்குச்சாவடி வாரியாகப் பாகம் பாகமாக இருக்கும். ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அதில் அடங்கும் தெருக்களும், அஞ்சலகமும், பின்கோடும் அச்சாகியிருக்கும். கடைசியில் ஆண், பெண், மூன்றாம் பாலினம் மொத்தம் வரும். உள்ளே ஒவ்வொருவருக்கும் வயது உண்டு. ஆக, பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குப் பின்கோடு வாரி வயதுக் கட்டமைப்பு இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கப் பின்கோடை மட்டும் நம்பாமல் தெருப் பெயர்களைச் சரிபாருங்கள். ஒரு பாகம் இரண்டு பின்கோடில் கால் வைத்திருப்பது சகஜம். பெயர் விவரங்களை எடுத்து வைக்காதீர்கள்; உங்களுக்குத் தேவை எண்ணிக்கை மட்டும்.

இதிலும் சாய்வு இருக்கிறது, அதுவும் 600097-இல் இரண்டு திசையில். கண்ணகி நகரில் இருப்பவர்கள் அங்கேயே ஓட்டுப் போடுபவர்கள். எதிர்ப்புற அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் ஐடிக்காரருக்கு ஓட்டு மதுரையிலோ விஜயவாடாவிலோ இருக்கும். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக்காரர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். பட்டியலை மட்டும் வைத்துப் பெருக்கினால் ஏழைப் பாதி பெரிதாகவும், சம்பளக்காரப் பாதி சிறிதாகவும் தெரியும். 2025 இறுதியில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு முந்தைய பட்டியலையும் பிந்தைய பட்டியலையும் ஒப்பிட்டு "மக்கள் குறைந்துவிட்டார்கள்" என்று எழுதுவதும் கூடாது. நீங்கியவை இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்ற பேரில் நீங்கிய பெயர்கள். அந்த ஒப்பீடு தலைக்கணக்கு ஆகாது.

வருமானத்துக்கு வருவோம். நேரடி எண் இல்லை. ஆனால் வருமானத்தின் நிழல் விழும் இடங்கள் உண்டு.

அளவுகோலாக ஒன்றை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் நகர்ப்புற இந்தியாவில் ஒருவருக்கு மாதச் செலவு 6,996 ரூபாய். நகர்ப்புறத் தமிழ்நாட்டில் 8,165. நாலு பேர் குடும்பத்துக்கு மாதம் 32,660. இது செலவு, வருமானம் அல்ல. மாநில அளவு, பின்கோடு அளவு அல்ல. மாதிரி ஆய்வு என்பதால் இதை உடைத்து ஒரு பேட்டைக்குக் கொண்டுவரவே முடியாது. ஆனால் "இந்தத் தெரு இந்தக் கோட்டுக்கு மேலா கீழா" என்று பார்க்கக் கோடு கிடைத்துவிட்டது.

எனக்குப் பிடித்த நிழல் மின்கட்டணம். தமிழக அரசே இதை வருமான அளவுகோலாகப் பயன்படுத்துகிறது: கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதோடு, வீட்டின் ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் விதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் என்பதால் அது ஒரு பில்லுக்கு 600 யூனிட். இந்தக் கோடு ஏன் வேலை செய்கிறது? ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். இரவு ஆறு மணி நேரம், அறுபது நாள் ஓடினால் அதுவே 360 முதல் 540. மற்ற சாமான்களைச் சேர்த்தால் 600-ஐத் தாண்டும். அதாவது கோடையில் தினமும் ஏசி போடும் வீடு, போடாத வீடு என்று இது பிரிக்கிறது. பத்துப் பதினைந்து வீட்டில் மே, ஜூன் பில்லைக் கேட்டாலே தெருவின் தரம் பிடிபடும். வீட்டுக்காரர் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அங்கே பில் பெரிசு, வருமானம் சிறிசு.

அடுத்தது ரேஷன் கார்டு. உணவு வழங்கல் துறைத் தளத்தில் கடை வாரியாக, வகை வாரியாகக் கார்டு எண்ணிக்கை பார்க்கலாம். அந்தியோதயா (மிக ஏழைகளுக்கு), முன்னுரிமை, முன்னுரிமையற்றது, சர்க்கரை கார்டு, எப்பொருளும் வேண்டாத கார்டு. தமிழ்நாட்டில் அரிசி எல்லோருக்கும் பொது என்பதால் முன்னுரிமையற்ற கார்டை வைத்து "வசதியானவர்" என்று முடிவு கட்ட முடியாது. பேசுவது இரண்டு முனைகள்தாம்: ஒரு பக்கம் அந்தியோதயா, மறுபக்கம் சர்க்கரையும் எப்பொருளும் இல்லாததும். நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள்.

2011 வீட்டுப் பட்டியலில் கார், இணையத்தோடு கணினி, "குறிப்பிட்ட பொருள் எதுவுமே இல்லை" என்ற மூன்று பத்திகளும் இன்றைக்கும் பகுதிகளை வரிசைப்படுத்த உதவும். அந்தச் சதவீதங்களையே இன்றைய அளவாக எடுத்தால் தப்பு. அந்தப் பொருள்களில் போனும் ஒன்று; எல்லோர் கையிலும் அது வந்து பல வருடம் ஆகிறது.

இந்த நிழல்களைச் சேர்த்த பிறகும் ஒரே எண்ணாகச் சுருக்காதீர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் குடும்பம். 600 குடும்பத்துக்கு மாதம் 18,000. 400 குடும்பத்துக்கு 1,20,000. சராசரி 58,800. அந்த 58,800 வாங்குபவர் அந்த ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. நடுமதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 18,000. அதை எழுதினால் 400 குடும்பம் காணாமல் போகும். 58,800-ஐ நம்பி நடுத்தர விலை உணவகம் திறந்தால் ஒரு பாதிக்குக் கட்டாது, மறுபாதிக்குப் பிடிக்காது. 600097-க்குச் சரியான விவரம் மூன்று வரியாக இருக்கும்: வாரியக் குடியிருப்பு, பழைய ஊர்த் தெருக்கள், அடுக்குமாடி. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ எத்தனை குடும்பம், ஒவ்வொன்றும் அந்த 32,660 கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்.

வீட்டு விவரத்தில் அதிகம் ஏமாற்றுவது "சொந்த வீடு" சதவீதம். சொந்த வீடு அதிகம் என்றால் வசதியான இடம் என்று நினைப்பது இயல்பு. துரைப்பாக்கத்தில் அது தலைகீழ். கண்ணகி நகரில் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, சிறு மாதத் தவணையில் ஒதுக்கியவை. தவணை கட்டி வாங்கும் வீட்டைச் சொந்த வீடு என்றே பதியச் சொல்கிறது சென்சஸ் விதி. எதிரே மாதம் லட்சம் சம்பாதிப்பவர் வாடகைக்கு இருப்பார். எனவே சொந்தம், வாடகை என்ற பத்தியை அறை எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சொந்தம், ஓர் அறை, ஐந்து பேர் என்றால் ஒரு கதை. வாடகை, மூன்று அறை, இரண்டு பேர் என்றால் வேறு கதை. வாரிய வீட்டில் ஒதுக்கீடு பெற்றவர் ஒருவர், இருப்பவர் வேறொருவர் என்பதும் உண்டு. காகிதத்தில் அது எங்கும் வராது.

வாடகைக்கு இணையதள விளம்பரங்களை எடுத்தால் இரண்டு திருத்தம் செய்யுங்கள். விளம்பரத்தில் வருவது அடுக்குமாடியும் புது வீடும். ஊர்த் தெருவில் "டு லெட்" பலகையும், வாரியக் குடியிருப்பில் வாய்வழிச் செய்தியும்தான். பலகையைப் படம் எடுத்து, போன் போட்டு, இருபது முப்பது வாடகை சேர்த்தால்தான் கீழ்ப்பாதி தெரியும். இரண்டாவது, லீஸ் வீடு. போக்கியத்துக்கு மொத்தமாகச் சில லட்சம் கொடுத்து வாடகையே இல்லாமல் இருப்பவர்கள் நகரெங்கும் இருக்கிறார்கள். அந்த வீட்டை வாடகை பூஜ்யம் என்று பதிந்தால் நடுமதிப்பு விழுந்துவிடும். போக்கியத் தொகைக்கு வங்கி வைப்பு வட்டி போட்டு, பன்னிரண்டால் வகுத்து, அதை மாத வாடகையாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சம், ஏழு சதவீதம் என்றால் மாதம் 2,900 சொச்சம். சந்தை வாடகையைவிட இது குறைவாகவே வரும். வீட்டுக்காரருக்குக் கைமாற்றுக்குப் பணம் அவசரம் என்பதுதான் காரணம். அட்வான்ஸும் கவனிக்க வேண்டியது. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகை என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் தெரு இன்னும் உண்டு. அட்வான்ஸ் கூடினால் வாடகை குறையும் என்பதால் இரண்டையும் சேர்த்தே குறியுங்கள்.

சதுர அடிக் கணக்கில் விளம்பரங்கள் சொல்வது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப், அதாவது படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடத்தின் பங்கும் சேர்ந்தது. வீட்டுக்குள் புழங்கும் கார்ப்பெட் ஏரியா அதில் கால் பங்கோ முப்பது சதவீதமோ குறையும். ஊர்த் தெருவின் தனி வீட்டுக்குச் சொல்வது அநேகமாக உள்ளளவு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு "சதுர அடிக்கு இவ்வளவு" என்று வகுத்தால் அடுக்குமாடி மலிவாகத் தெரியும்.

விலைக்கு வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பு, ஒரு தொடக்கம். பதிவுத் துறைத் தளத்தில் தெரு வாரியாகவோ சர்வே எண் வாரியாகவோ இலவசமாகப் பார்க்கலாம். 2017-இல் 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-இல் ஏற்றினார்கள், வழக்கு நடந்தது, 2024 ஜூலையில் புது மதிப்பு வந்தது. அடுக்குமாடிக்கு 2023 டிசம்பர் முதல் நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பு. ஆகையால் பத்தாண்டு வழிகாட்டி மதிப்பை வரைபடமாகப் போட்டால் தெரிவது அரசாணைகளின் ஏற்ற இறக்கம். சந்தை அதில் இல்லை. உண்மை விலைக்கு அருகில் போக, ஒரு சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்று பாருங்கள். சர்வே எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு கிரயத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு இரண்டும் வரும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. வங்கிக் கடன் ஆவணம் பின்தொடரும் கிரயங்களை மட்டும் எடுங்கள். கடன் வேண்டியவர் தொகையை அதிகம் குறைக்க முடியாது. ஒரு சர்வே எண்ணில் ஏழெட்டு கிரயம் அப்படிக் கிடைத்தாலே தரகர் சொல்லும் விலையைச் சோதித்துவிடலாம்.

ஓஎம்ஆர்ப் பக்கம் வீட்டுச் செலவு என்றால் தண்ணீரைத் தனி வரியாக எழுதாத விவரம் விவரமே இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர்க் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. நூறு ஃபிளாட், வீட்டுக்கு மூன்றரைப் பேர் என்றால் 47,250 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலு லோடு, தினமும். மெட்ரோ வாட்டர் இணைப்பு எவ்வளவு தருகிறது, போர் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டுக் கழித்தால் மீதி லாரி. அது மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா என்று அசோசியேஷனிடம் கேளுங்கள். அதோடு 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதையும் கேட்டு எழுதுங்கள். சதுப்பு நிலத்தின் உபரி நீர் ஒக்கியம் மடுவு என்கிற கால்வாய் வழியாகத்தான் வடிய வேண்டும். ஒரே பின்கோடுக்குள் கால் நனையாத தெருவும் தரைத்தளம் மூழ்கிய தெருவும் உண்டு, வாடகை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

விவரத்தை எழுதி முடிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டையும் பரப்பையும் குறியுங்கள்: "2011, ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சி", "2024, தெரு வழிகாட்டி மதிப்பு" என்று. 2027 கணக்கெடுப்பின் அட்டவணைகள் வந்ததும் 2011 வரிகளை மட்டும் உருவி மாற்றிவிடலாம். அப்போதும் வார்டு வரைபடம் எந்த ஆண்டுடையது என்று முதலில் பாருங்கள். துரைப்பாக்கம் இம்முறை சென்னை மாநகராட்சி வார்டுகளாக வரும் என்பதால், கண்ணகி நகரையும் ஓஎம்ஆர் ஓரத்தையும் முதல்முறையாக ஓரளவுக்குத் தனித்தனி வரியில் பார்க்கும் வாய்ப்பு உண்டு. தெருவும் வார்டும் பின்கோடும் சேர்ந்த ஒரு பட்டியலை இப்போதே தயார் செய்து வைத்திருந்தால் அன்றைக்கு வேலை ஒரு மணி நேரம்தான்.